நானூறு டொலருடன் முடிகிற காரியமா?

போன கிழமை ஒரு பிறந்தநாள் வீட்டில், நின்ற பாடசாலை பஸ்ஸைக் கடந்து போனதற்காகத் தன் வீட்டுக்கு வந்த கமராச் சீட்டைப் பற்றி நண்பர் ஒருவர் சிரித்தபடி சொன்னார்: "நானூறு டொலர்தானே, கட்டிவிட்டேன். பொயின்ற் ஒன்றும் ஏறவில்லை." மேசையில் இருந்த ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. நானும் பேசவில்லை, அந்த உறுத்தலில்தான் இதை எழுதுகிறேன்.

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் சிவப்பு விளக்குகள் மின்ன நிற்கும் பாடசாலை பஸ்ஸைக் கடக்கும் சாரதி பொலிஸாரிடம் நேரில் அகப்பட்டால், முதல் தடவைக்கு 400 முதல் 2,000 டொலர் வரை தண்டமும் லைசன்ஸில் ஏறும் 6 டிமெரிட் (குற்றப்) புள்ளிகளும் உண்டு. ஐந்து ஆண்டுகளுக்குள் மறுபடியும் அகப்பட்டால் தண்டம் 1,000 முதல் 4,000 டொலர் வரை ஏறும். ஆறு மாதம் வரை சிறைக்கும் இடமுண்டு. பஸ்ஸில் பொருத்திய கமரா பிடிப்பதோ ஓட்டியவரை அல்ல, இலக்கத் தகட்டை. ஆகவே சீட்டு வாகன உரிமையாளருக்குப் போகிறது, புள்ளிகள் யாருக்கும் ஏறுவதில்லை.

இங்கேதான் சட்டம் தன் பல்லைத் தானே பிடுங்கிக்கொள்கிறது என்பது என் எண்ணம். இரவு பகலாகச் சாப்பாட்டு டெலிவரி ஓடுகிறவருக்கு 400 டொலர் சில நாள் உழைப்பு. வசதியுள்ளவருக்கு அது ஒரு இரவுச் சாப்பாட்டுக் கணக்கு. புள்ளிகளுக்கு அந்தப் பேதம் தெரியாது. புதிய சாரதிகளுக்கான ஜி2 லைசன்ஸ் வைத்திருப்பவர், ஒரு தடவை பொலிஸாரிடம் அகப்பட்டுக் குற்றவாளியாகத் தீர்க்கப்பட்டாலே லைசன்ஸ் இடைநிறுத்தப்பட்டு வீட்டில் இருக்க வேண்டியதுதான். ஒரே உரிமையாளருக்கு இரண்டாவது கமராச் சீட்டு போகும்போதாவது, ஓட்டியவர் யாரென்று கேட்டு அவர் மேல் புள்ளிகளை ஏற்ற வழி செய்ய வேண்டும். சட்டத்தரணிகள் இதற்கு ஆயிரம் ஆட்சேபம் சொல்வார்கள் என்பதும் தெரியும்.

அறியாமையால் கடப்பவர்களும் இருக்கிறார்கள். எதிர்த்திசையில் வருபவர் நிற்கத் தேவையில்லாதது, நடுவில் வாகனம் ஏற முடியாத உயர்ந்த திட்டோ மண்திட்டோ பிரிக்கும் வீதியில் மட்டும்தான். நடுவில் மஞ்சள் கோடு மட்டும் இருந்தால், வீதி எத்தனை தடம் அகலமானாலும் இரு பக்கமும் நிற்க வேண்டும். பின்னால் வருபவர் குறைந்தது 20 மீற்றர் தள்ளி நிற்க வேண்டும். 2022 முதல் சிவப்புக்கு முன் மஞ்சள் விளக்கும் எரிகிறது. வேகத்தைக் குறைத்து நிற்க ஆயத்தமாவதற்கான அந்த அறிவிப்பை, முந்திப் போய்விடலாம் என்ற அழைப்பாக எடுப்பவர்களே எங்கள் வீதியில் அதிகம்.

நேற்றுக் காலை மகளை ஏற்றிவிட நின்றேன். பஸ்ஸின் பக்கவாட்டில் நிறுத்தப் பலகை விரிந்துவிட்டது. எதிர்ப்பக்கத்தில் பேரனின் கையைப் பிடித்தபடி ஒரு அம்மம்மா பனிச்சேற்றில் கால் வைத்தார். அப்போது எதிர்த் தடத்தில் வந்த வெள்ளை வான் ஒன்று வேகம் குறையாமல் அவர்கள் முன்னால் போனது. பஸ் சாரதி ஹோர்னை விடாமல் அழுத்தினார். அம்மம்மா பேரனைப் பின்னுக்கு இழுத்த இழுவையில் அவன் கையுறை கழன்று வீதியில் விழுந்தது. அடுத்து வந்த கார் நின்ற பிறகுதான் அவர் அதைக் குனிந்து எடுத்தார்.