துளசிக் கஷாயம் ஆன்டிபயாட்டிக்குக்கு மாற்றல்ல

"துளசிச் சாறு கிருமிகளைக் கொல்வது ஆய்வகத்திலேயே நிரூபணமாகிவிட்டது, சிறுநீர்த் தொற்றுக்கு மாத்திரையை நிறுத்திவிட்டுக் கஷாயம் குடித்தால் போதும்" என்று சிலர் சொல்வதில் முதல் பாதி ஓரளவு சரி, இரண்டாம் பாதி ஆபத்தானது.

துளசி எண்ணெயில் யூஜினால், மெத்தில் யூஜினால், பீட்டா கேரியோஃபிலின் போன்ற வேதிப்பொருள்கள் இருப்பதும், யூஜினால் பாக்டீரியாவின் செல் சவ்வைச் சிதைப்பதும் உண்மையே. ஆனால் அந்த ஆய்வகச் சோதனையில், அகார் தட்டில் (கிருமி வளர்க்கும் கூழ் நிரப்பிய தட்டு) பாக்டீரியாவைப் பரப்பி, பெரும்பாலும் எத்தனாலிலோ மெத்தனாலிலோ எடுத்துச் செறிவூட்டிய சாற்றில் நனைத்த 6 மில்லிமீட்டர் வடிதாள் வில்லையை அதன்மேல் வைத்து, மறுநாள் அதைச் சுற்றிக் கிருமி வளராத வளையத்தை அளக்கிறார்கள். வீட்டில் இலையைக் கொதிக்கவைக்கும்போதோ எண்ணெயில் கணிசமான பகுதி ஆவியோடு போய்விடுகிறது. அடுப்படியில் எழும் அந்த மணமே அதுதான். மிஞ்சி உடலுக்குள் போகும் யூஜினாலையும் கல்லீரல் விரைவில் மாற்றி வெளியேற்றிவிடுகிறது. தவிர, தாவரச் சாறுகள் கிருமியைத் தடுக்கப் பல நேரங்களில் மில்லிலிட்டருக்குச் சில மில்லிகிராம் தேவைப்படுகின்றன. தக்க ஆன்டிபயாட்டிக்குக்குச் சில மைக்ரோகிராமே (ஒரு மைக்ரோகிராம் என்பது மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு) போதும்.

பல் மருத்துவத்தில் யூஜினாலைத் துத்தநாக ஆக்சைடுடன் குழைத்துப் பயன்படுத்துகிறார்களே என்று கேட்டால், அங்கே அது செறிவாக, வேண்டிய இடத்திலேயே வைக்கப்படுகிறது. தொண்டைக்கு இதமாகத் துளசி குடிப்பதை யாரும் தடுக்கவில்லை. சிறுநீர்த் தொற்றோடு குளிர்காய்ச்சலும் விலாவலியும் சேர்ந்தால் கிருமி சிறுநீரகம்வரை ஏறியிருக்கலாம் என்பதால், மருத்துவர் எழுதிய மாத்திரையைத் தயவுசெய்து பாதியில் நிறுத்தாதீர்கள்.