அணிப் போக்கரில் சீட்டைச் சொல்லிக்கொள்ளலாமா? கூடாது

‘சர்வதேச ஆன்லைன் போக்கர் அணிப் போட்டியில் கூட்டாளிகள் கைச்சீட்டைப் பகிரலாம்’ என்றொரு ஃபார்வர்டு சுற்றுகிறது. தவறு.

ஒரு கைக்கு ஒரே ஆட்டக்காரர், அதாவது தனக்கு வந்த சீட்டை வைத்து அவரவரே முடிவெடுக்க வேண்டும் என்பது போக்கர் சீட்டாட்டத்தின் அடிப்படை விதி. பொதுவாக அணி என்பது புள்ளிக் கணக்குக்குத்தான். அவரவர் தன் கணக்கிலிருந்து தனியாக ஆட, புள்ளிகள் அப்புறம் அணிக்குச் சேரும்.

அணிகள் மோதும் ‘மேட்ச் போக்கர்’ என்ற வகையில் இது இன்னும் கறார். எல்லா மேசையிலும் ஒரே எண் இருக்கைக்கு ஒரே சீட்டுகள். ஓர் அணியினர் வெவ்வேறு மேசைகளில், வெவ்வேறு இருக்கைகளில். மூன்றாம் இருக்கைக்காரர் ‘எனக்கு ராஜா ஜோடி’ என்று வாட்ஸ்அப்பில் தட்டினால், அடுத்த மேசையின் மூன்றாம் இருக்கை எதிராளி கையில் என்ன இருக்கிறது என்று கூட்டாளிக்குத் தெரிந்துவிடும். அப்பட்டமான களவாட்டம்! கணக்கு முடக்கப்படலாம், பரிசும் போகலாம்.

சந்தேகமிருந்தால் போட்டியின் விதிகள் பக்கத்தைப் பாருங்கள். அந்தச் செய்தியை இனி அனுப்பாதீர்கள்.