வேறொரு கோட்டையில் இளவரசி

வீடியோ கேம்களில் பெண்கள் என்று பேச்செடுத்தாலே சண்டை நேராக உடைக்குப் போய்விடுகிறது. எனக்கும் அதில் எரிச்சல் உண்டு. மெட்டல் கியர் சாலிட் 5-இல் (2015) குவைட் என்றொரு துப்பாக்கி வீராங்கனை வருவாள். அவள் தோல் வழியாகத்தான் சுவாசிக்கிறாளாம், அதனால் மேலே துணி ஆகாதாம். இந்தக் காரணத்தை எழுதியவர் சிரிக்காமல் எழுதியிருப்பாரா என்று எனக்கு இன்னும் சந்தேகம்தான்.

ஆனால் என் ஆதங்கம் வேறு. அவளுக்கு என்ன வேண்டும் என்று கதை எப்போதாவது கேட்கிறதா?

1985-இல் வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸில், கடத்தப்பட்ட இளவரசியை மீட்கப் போகும் மரியோவாக உயிரைக் கொடுத்து ஒரு கோட்டையைத் தாண்டினால், "நன்றி மரியோ, ஆனால் நம் இளவரசி வேறொரு கோட்டையில் இருக்கிறார்" என்பார்கள். இப்படி ஏழு முறை. எட்டாவதில் அவள் நிற்பாள். அவ்வளவு நேரம் அங்கே என்ன செய்துகொண்டிருந்தாள் என்று யாருக்கும் தெரியாது. சரி, அன்றைக்கு ஒரு கேமுக்குள் கதைக்கே இடம் கிடையாது. அதை மன்னித்துவிடலாம்.

அடுத்த வருடம் வந்த மெட்ராய்டை அப்படி மன்னிக்க முடியவில்லை. கவசத்துக்குள் இருக்கும் சாமுஸ் ஆண் என்றே நினைத்து விளையாடுவோம், ஆங்கிலக் கையேடும் அப்படித்தான் சொன்னது. 5 மணி நேரத்துக்குள் முடித்தால் தலைக்கவசம் கழன்று, பெண் என்று தெரியும். எவ்வளவு அழகான திருப்பம்! ஆனால் அதோடு விட்டார்களா? 3 மணி நேரத்துக்குள் முடித்தால் கவசமே கழன்றுவிடும், 1 மணி நேரத்துக்குள் முடித்தால் பிகினி. விண்மீன் மண்டலத்தையே காப்பாற்றியது அவள், பரிசு நமக்கு.

அப்புறம் இடமும் வந்தது, தொழில்நுட்பமும் வந்தது. வந்ததும் என்ன செய்தார்கள்? மனைவியைக் கொன்றார்கள். மேக்ஸ் பெயினில் (2001) மனைவியும் கைக்குழந்தையும். காட் ஆஃப் வாரில் (2005) மனைவியும் மகளும். ஹீரோ கோபப்பட ஒரு காரணம் வேண்டும், அதற்கு ஒரு பிணம் வேண்டும். நான் இரண்டையும் ரசித்து விளையாடியவன்தான். அந்த மனைவிகளுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

பெண் சாகக் கூடாது என்று சொல்லவில்லை. ஃபைனல் ஃபேண்டசி 7-இல் (1997) நம் குழுவில் ஒருத்தியான ஏரித் சாகிறாள். (இதற்கெல்லாம் இனிமேல் ஸ்பாய்லர் எச்சரிக்கை கிடையாது.) ஆனால் அவளை யாரும் தூக்கிக்கொண்டு போகவில்லை. உலகத்தைக் காக்கத் தன்னால் செய்ய முடிந்தது ஒன்று இருக்கிறது என்று தெரிந்து, தானே தனியாகப் புறப்பட்டுப் போய், பிரார்த்தனையில் இருக்கும்போது குத்துப்படுகிறாள். ஹீரோ போய்ச் சேர்ந்தும், அவன் கண் முன்னாலேயே அது நடக்கிறது. பார்த்துப் பார்த்து லெவல் ஏற்றிய ஒருத்தி குழுவிலிருந்து காணாமல் போன பிறகு, கொஞ்ச நேரம் கேமை அப்படியே விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். பாதியில் நின்றது அவளுடைய வேலை, அதனால்தான் அந்த வலி.

கையில் துப்பாக்கியைக் கொடுத்து, முகத்தை உர்ரென்று வைத்துவிட்டால் 'வலிமையான பெண்' ஆகிவிடுவாள் என்று நினைப்பதும் சோம்பேறித்தனம்தான். தி லாஸ்ட் ஆஃப் அஸ் 2-இல் (2020) கதையில் ஏறக்குறைய பாதியை ஆபி என்ற பெண்ணாக விளையாட வேண்டும். முதல் பாகம் முழுக்க நாம் கூடவே நடந்த ஜோயலைக் கொன்றவள் அவள். கண்ட்ரோலரைத் தொடவே மனம் வரவில்லை. இணையத்தில் பாதிப் பேர் அவள் தோள் அகலத்தை அளந்துகொண்டிருந்தார்கள், குரல் கொடுத்த நடிகைக்குக் கொலை மிரட்டல்கூடப் போனது. அந்த ஆபிக்கு உயரம் என்றால் பயம். வானளாவிய கட்டடங்களுக்கு நடுவே ஒரு பாலத்தில், கூட வரும் பையன் விறுவிறுவென்று போக, இவள் கீழே பார்க்க முடியாமல் மூச்சிரைத்து நிற்பாள். அந்த இடத்தில்தான் எனக்கு அவள் மேல் இருந்த வெறுப்பு ஆட்டம் கண்டது.

பழைய இளவரசி என்ன ஆனாள் என்கிறீர்களா? 2017-இல் வந்த சூப்பர் மரியோ ஒடிசியின் முடிவில் மரியோவும் வில்லனும் போட்டி போட்டுக்கொண்டு பூவை நீட்டுவார்கள். இளவரசி பீச் இருவரையும் வேண்டாமென்று சொல்லிவிட்டுக் கப்பலைப் பார்த்து நடந்துவிடுவாள். அதன் பிறகும் விளையாடிக்கொண்டிருந்தால், போகிற நாடுகளிலெல்லாம் அவள் எதிர்ப்படுவாள். எந்தக் கோட்டையிலும் அடைபட்டு இல்லை. அந்தந்த நாட்டுக்கு ஏற்ற உடையில், ஊர் சுற்றிப் பார்த்துக்கொண்டிருப்பாள்.