திரையில் சரியாகத் தெரிந்தால் போதாது

'வேர்டு கோப்பை ஈபப் மின்னூலாக மாற்றியபின் திரையில் அழகாகத் தெரிந்தால் போதும், உள்ளே நிரல் எப்படி இருந்தால் என்ன' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இதை நம்பி யாரும் நூல் வெளியிட்டுவிட வேண்டாம்.

ஈபப் என்பது எச்டிஎம்எல் பக்கங்களையும் (இணையப் பக்கங்களின் வடிவம்), அவற்றின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ் பாணிகளையும் கட்டிவைத்த ஒரு ஜிப் கோப்பு. அதன் தோற்றத்தைப் படிப்பவரின் கருவியும் அவர் வைக்கும் எழுத்தளவும் மாற்றிக்கொண்டே இருக்கும். நீங்கள் பார்த்தது உங்கள் திரையை மட்டுமே. சாதாரணப் பத்தியைப் பெரிதாக்கித் தடித்த எழுத்தில் வைத்தால் கண்ணுக்குத் தலைப்புதான். பார்வையற்ற வாசகருக்கு எழுத்தைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பானுக்கு அது வெறும் பத்தி. தலைப்புகளைப் பிடித்து அத்தியாயம் விட்டு அத்தியாயம் தாவ அவருக்கு வழியே இல்லை.

தமிழில் இது இன்னும் மோசம். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சான நூலை, அந்த எழுத்துருவை உட்பொதித்து அப்படியே மாற்றினால் பக்கம் முழுக்கத் தமிழாகவே தெரியும். உள்ளே இருப்பவையோ ஆங்கில எழுத்துகளும் குறிகளும். ஒரு தமிழ்ச் சொல்லைக்கூடத் தேடி எடுக்க முடியாது. வாசகர் எழுத்துருவை மாற்றியதும் நூலே புரியாத குப்பையாகிவிடும். முதலில் தமிழ் எழுத்துகளுக்கெனத் தனிக் குறியீடுகள் உள்ள யூனிகோடுக்கு மாற்றியே தீர வேண்டும்.

மின்னூலாக மாற்றித் தரும் காலிபர் மென்பொருள், பாணிகளுக்குத் தானாக இடும் வரிசை எண் வகுப்புப் பெயர்கள் அழகற்றவைதான், ஆனால் வாசகருக்குத் தீங்கற்றவை, அவற்றை விட்டுவிடலாம். ஈபப் கோப்பைச் சோதிக்கும் ஈபப்செக் கருவி பிழையில்லை என்று சொன்னாலும் தலைப்புகளை நீங்களே திறந்து பாருங்கள். தடித்த பத்தி உண்மையில் தலைப்பு என்பதை அந்தக் கருவி கண்டுபிடிக்காது.