எல்இடி டிரைவர் ஏற்றுமதி: சிஇ பற்றி ஒரு திருத்தம்

"சேலத்துல எல்இடி டிரைவர் செய்யுறவங்க சிஇ சர்டிபிகேட் ஒண்ணு வாங்கிட்டா ஐரோப்பா, அமெரிக்கா ரெண்டுக்கும் அனுப்பலாம்" என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். இரண்டு பாதியுமே தப்பு.

வயர்லெஸ் இல்லாத டிரைவருக்கு (எல்இடி விளக்குக்கு ஏற்ற மின்சாரம் தரும் சுற்று) சிஇ என்பது, பொருள் ஐரோப்பிய விதிகளுக்குப் பொருந்துகிறது என்று தயாரிப்பாளரே கையெழுத்திடும் உறுதிமொழி. ஏஜென்ட் விற்கும் கலர் பேப்பருக்கு மதிப்பில்லை. பாதுகாப்பு, மின்காந்த இரைச்சல், ரோஸ் (ஈயம் போன்ற நச்சுப் பொருட்களுக்கான ஐரோப்பியக் கட்டுப்பாடு) மூன்றுக்கும் சோதனை அறிக்கை, சர்க்யூட், பாகப் பட்டியல் எல்லாம் கோப்பாக 10 வருடம் இருக்க வேண்டும். 2021 ஜூலை 16 முதல் ஐரோப்பாவுக்குள் பொறுப்பேற்க ஒரு இறக்குமதியாளரோ பிரதிநிதியோ வேண்டும். இல்லையென்றால் கஸ்டம்ஸிலேயே சரக்கு நிற்கலாம்.

பலர் சறுக்குவது ரோஸில்தான். ஈயத்துக்கு வரம்பு 0.1 சதவீதம், அதுவும் மொத்த போர்டுக்கு இல்லை, ஒவ்வொரு சால்டர் இணைப்புக்கும். உள்ளூர் ஆர்டருக்கு 63/37 சால்டர் (63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு ஈயம்) ஓடிய அதே வேவ் தொட்டியில் (உருகிய சால்டர் அலையாக எழும் தொட்டி) ஏற்றுமதி போர்டை விட்டால் கதை முடிந்தது. தொட்டி தனி, சால்டரிங் அயர்ன் முனையும் தனி. ஈயமில்லா சால்டர் உருகுவது 217 டிகிரியில் (பழையது 183), ஆகவே வெப்ப அமைப்பையும் மாற்ற வேண்டும்.

சோதனைக்குக் கொடுத்த சாம்பிளில் நல்ல காமன் மோட் சோக்கை (இரைச்சலை அடக்கும் கம்பிச் சுருள்) போட்டு, உற்பத்தியில் மலிவானதை மாற்றினால் மின்கம்பி வழியே போகும் இரைச்சலுக்கான 9 கிலோஹெர்ட்ஸ் முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரையிலான சோதனையில் தோற்க வாய்ப்பு அதிகம். முன்சோதனைக்குச் சென்னை தரமணியில் சமீர் என்ற மத்திய அரசு ஆய்வு மையம் இருக்கிறது.

அமெரிக்காவில் சிஇ செல்லாது. அங்கே மின்காந்த இரைச்சலுக்கு எஃப்சிசி (அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம்) விதிகளின் பகுதி 15. வாங்குபவர்கள் யுஎல் 8750 (எல்இடி சாதனங்களுக்கான பாதுகாப்புத் தரநிலை) சான்றும் கேட்பார்கள், அதற்கு ஆலைக்கே ஆய்வாளர் வருவார்.