ஊர் எதுவெண்டாலும் ஒண்டுதானோ?
"ரிமோட் வேலையில யாழ்ப்பாணமும் கொழும்பும் லண்டனும் ஒண்டுதான்" எண்டு நான் வாசிச்ச கட்டுரையில கிடக்கு, கோட் எழுதுறதுக்கு சரி, ஆனா மீற்றிங் நேரம் ஆருக்கு வசதியா வைக்கினம் எண்டு பாருங்கோ. நான் யாழ்ப்பாணத்துக் கோண்டாவில்ல இருந்து லண்டன் ரீம் ஒண்டோட வேலை செய்யிறன், அவைக்குப் பின்னேரம் 4 மணி எண்டா எனக்கு இரவு 8.30, ஒக்டோபர் கடைசியில அங்க மணிக்கூட்டைத் திருப்பினா 9.30, அம்மா புட்டை மூடி வச்சிட்டுப் படுத்திடுவா. 2022 மார்ச் கடைசியில நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் கட், யூபிஎஸ் ரவுற்றரை மட்டும் கொஞ்சநேரம் இழுத்துக்கொண்டு நிண்டுது, லப்ரொப் செத்துப்போச்சு, அந்த வருச ரிவியூவில 'ஆளைப் பிடிக்கேலாது' எண்டு எழுதிப்போட்டினம், புரமோஷனும் போச்சு. அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதின ஒராள் கரண்ட் கட்டுக்கு சோலார் போடச் சொல்லுறார், அண்ணை, பற்றறி விலை விசாரிச்சனீங்களோ?