குளித்துவிட்டாலும் போகலாம்

"குளிச்சாச்சுன்னா தடயம் போச்சு, எஃப்.ஐ.ஆர் இல்லாம எந்த ஆஸ்பத்திரியும் தொடாது" என்று பாலியல் வன்முறை பற்றி மேலே போட்ட கமெண்டில் எழுதியிருக்கிறீர்கள். இரண்டுமே தப்பு, சகோ.

பாலியல் வன்முறைக்கு ஆளானவருக்கு அரசோ தனியாரோ, எந்த மருத்துவமனையும் உடனே இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும் (குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ், பிரிவு 397). போலீசுக்குச் சொல்வது மருத்துவமனையின் வேலை. சென்னை ராயபுரத்துக்காரர் நேராக ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கே போகலாம். பாதிக்கப்பட்டவர் தடயப் பரிசோதனை வேண்டாம் என்றாலும் சிகிச்சையை மறுக்க முடியாது.

குளித்தால் தடயம் குறையும், சரி. ஆனாலும் 96 மணி நேரம் வரை உடம்பில் மாதிரி எடுக்கச் சொல்கிறது மத்திய சுகாதார அமைச்சகத்தின் 2014 வழிகாட்டுதல். துணியில் அதற்குப் பிறகும் தங்கும். வடசென்னையில்தான், எந்தத் தெரு என்று சொல்ல மாட்டேன், ஒரு அம்மா மகளின் சுடிதாரைச் சோப்புத்தூள் வாளியில் முக்கப் போனார். தடுத்தோம். அப்புறம் மளிகைக்கடை கேரி பேக்கில் திணித்து இறுக்கி முடிச்சுப் போட்டுவிட்டார்! ஈரத்தோடு பிளாஸ்டிக்கில் அடைத்தால் பூஞ்சை பிடித்து டி.என்.ஏ கெடும். நிழலில் உலர்த்திக் காகிதப் பையில் வைக்க வேண்டும்.

எச்.ஐ.வி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். உங்கள் கமெண்டைப் படித்துவிட்டு யாராவது வீட்டிலேயே உட்கார்ந்துவிடப் போகிறார்கள், தயவுசெய்து திருத்திவிடுங்கள்.